முந்தைய நாளை அறிந்தவர்கள்

1972ஆம் ஆண்டு தான்சானியாவின் கோம்பே காட்டில், ஓர் ஓடையோரத்தில், ஃப்ளோ என்ற முதிய பெண் சிம்பன்சி இறந்து கிடந்தது. அதன் மகன் ஃப்ளின்ட்டுக்கு அப்போது எட்டரை வயது. அந்த வயதுச் சிம்பன்சி தாயைவிட்டு வெகுதூரம் போகாது என்றாலும், தானே இரை தேடிக்கொள்ளும். தனிக்கூடு கட்டித் தூங்கும். ஃப்ளின்ட் அப்படிப் பழகவே இல்லை. தங்கை ஃப்ளேம் பிறந்தபோதும் தாயின் கூட்டை விட்டு இறங்க மறுத்து அடம்பிடித்தது. ஃப்ளேம் ஆறு மாதக் குட்டியாக இருக்கும்போது காணாமல் போனபின், மறுபடியும் தாயின் முதுகில் ஏறிக்கொண்டது. இரவுகளில் தாயின் கூட்டிலேயே படுத்தது. ஃப்ளோ இறந்த பிறகு அந்த உடலருகே நெடுநேரம் உட்கார்ந்திருந்தது. பின்னொரு நாள் ஒரு மரத்தில் ஏறி, தாயோடு அண்மையில் படுத்துறங்கிய கூட்டருகே சென்று, அதையே உற்றுப் பார்த்தபடி நின்றுவிட்டு இறங்கிவந்தது. நாளுக்கு நாள் இரை எடுப்பது குறைந்தது. மற்றச் சிம்பன்சிகளைத் தவிர்த்தது. கண்கள் குழி விழுந்தன. ஒரு மாதம் முடியும் முன்பே, தாய் கிடந்த இடத்துக்கு அருகில் ஃப்ளின்ட்டும் இறந்தது.

உடலைப் பரிசோதித்தபோது இரைப்பை, குடல் அழற்சியும் வயிற்று உட்சவ்வின் அழற்சியும் இருந்தது தெரிந்தது. ஆகவே இந்தச் செய்தியைக் கேட்பவர்கள் இரண்டாகப் பிரிந்துவிடுகிறார்கள். தாயைப் பிரிந்த ஏக்கத்தில் உயிரை விட்டது என்று உருகுபவர்கள் ஒரு பக்கம். குடல் நோயில் செத்ததற்கு நாம் கதை கட்டுகிறோம் என்பவர்கள் மறுபக்கம். கோம்பேயில் இதை நேரில் கண்ட சிம்பன்சி ஆய்வாளர் ஜேன் குடால் இரண்டையும் சேர்த்தே சொன்னார்: இழப்பு உடலைத் தளர்த்தியது, தளர்ந்த உடலில் நோய் பற்றிக்கொண்டது. நம் வீடுகளில் தாத்தா போன சில மாதங்களில் பாட்டியும் போய்விட்டால் மருத்துவர் சான்றிதழில் மாரடைப்பு என்றோ நிமோனியா என்றோதான் எழுதுவார். அந்தச் சான்றிதழைக் காட்டிப் பாட்டி துக்கப்படவில்லை என்று யாரும் வாதாடுவதில்லை.

என்னை அதிகம் யோசிக்கவைப்பது வேறொன்று. ஃப்ளின்ட்டின் துக்கம் எப்படிக் கண்ணில் பட்டது? 1964இல் அது பிறந்ததிலிருந்தே குடால் அதைக் கவனித்துவந்தார். காட்டில் பிறப்பிலிருந்து அவர் தொடர்ந்து கவனித்த முதல் குட்டி அதுதான். கேம்பிரிட்ஜில் அவர் முனைவர் பட்டத்துக்குப் படித்த காலத்தில், சிம்பன்சிகளுக்கு எண் கொடுக்காமல் பெயர் வைத்தது பெரிய குறையாகச் சொல்லப்பட்டது. பெயர் வைத்தால் பாசம் வரும், பாசம் கண்ணை மறைக்கும் என்பது அந்தக் குறையின் சாரம். பெயர் வைத்ததால்தான் கண் திறந்தது என்று நான் நினைக்கிறேன். ஒரு விலங்கின் துக்கம் பெரும்பாலும் அதன் முகத்தில் எழுதியிருப்பதில்லை; நேற்று செய்ததை இன்று செய்யாமல் விடுவதில் இருக்கிறது. நேற்று அது என்ன செய்தது என்று தெரியாதவருக்கு இன்று எதுவுமே தெரியாது. ஒரே ஒரு நாள் கோம்பேக்குப் போன பயணி ஃப்ளின்ட்டைப் பார்த்திருந்தால், மரத்தடியில் சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு சிம்பன்சியைத்தான் பார்த்திருப்பார்.

இதை இன்னும் உறுதியாகக் காட்டிய ஆய்வு போட்ஸ்வானாவின் ஒகவாங்கோ கழிமுகத்தில் நடந்தது. டோரதி செனியும் ராபர்ட் செய்ஃபார்த்தும் அங்கே பபூன் என்ற பெரிய குரங்கினத்தின் கூட்டம் ஒன்றை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தவர்கள்; எது யாருக்கு மகள், யார் யாருக்குப் பேன் பார்ப்பார் என்பதெல்லாம் அவர்கள் குழுவுக்கு அத்துப்படி. அங்கே பபூன்களுக்குச் சாவு பெரும்பாலும் சிங்கத்தின் வாயிலோ சிறுத்தையின் வாயிலோதான். அப்படி நெருங்கிய உறவைப் பறிகொடுத்த பெண் பபூன்களின் சாணத்தைச் சேகரித்து, அதில் மன அழுத்த ஹார்மோன்களின் அளவைக் குழுவினர் பார்த்தார்கள். 2006இல் வெளியான முடிவு இது: இழப்புக்கு முந்தைய மாதத்தோடு ஒப்பிட்டால், அடுத்த நான்கு வாரங்களில் அந்த அளவு உயர்ந்திருந்தது. அதே கூட்டத்தில், அதே சிங்கத்துக்கு அஞ்சி ஓடிய, ஆனால் உறவைப் பறிகொடுக்காத பெண்களிடம் அந்த உயர்வு இல்லை. அச்சம்தான் காரணம் என்றால் எல்லோருக்கும் ஏறியிருக்க வேண்டும்.

அந்தக் கூட்டத்தில் சில்வியா என்றொரு பெண் பபூன் இருந்தது. உயர்ந்த படியில் இருந்த அது தாழ்ந்த படியில் உள்ளவற்றை அண்டவிடாது. மகள் சியராவோடு மட்டுமே நெருக்கமாக இருந்து பேன் பார்த்துக்கொள்ளும். சியராவைச் சிங்கம் கொன்றது. அதன்பிறகு சில்வியா தனக்கு மிகக் கீழே இருந்த பெண்களையும் நாடிப் போய்ப் பேன் பார்க்கத் தொடங்கியது. உறவை இழந்த மற்றப் பெண்களும் அப்படியே புதிய துணைகளைச் சேர்த்துக்கொண்டன. இரண்டாம் மாதத்துக்குள் ஹார்மோன் அளவு பழைய நிலைக்குத் திரும்பியது. துக்க வீட்டில் நாலு பேர் வந்து உட்கார வேண்டும் என்பார்களே, அதன் வேர் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று அந்தக் கட்டுரையைப் படித்தபோது வியந்தேன்.

இந்தப் பபூன்களை நினைக்கும்போது குறுந்தொகையின் 69ஆம் பாட்டு உடன் நினைவுக்கு வருகிறது. கடுந்தோட் கரவீரன் பாடியது. ஆண் குரங்கு இறந்துவிட, கைம்மைத் துயரைத் தாங்காத மந்தி, இன்னும் தாவக் கற்றுக்கொள்ளாத தன் குட்டியைச் சுற்றத்திடம் சேர்த்துவிட்டு, ஓங்கிய மலையிலிருந்து பாய்ந்து உயிரை மாய்த்துக்கொள்ளும் நாடன் என்று தோழி தலைவனிடம் சொல்கிறாள். இரவில் வராதே என்கிறாள்; உனக்கொன்று நேர்ந்தால் இவள் பிழைக்கமாட்டாள் என்பது அவள் சொல்லாமல் சொல்வது. இந்தப் பாட்டின் பாதி, காட்டைக் கூர்ந்து பார்த்தவரின் கண்ணிலிருந்து வந்தது. குட்டி தாவப் பழகாதது என்பதும், தாய் இல்லாவிட்டால் அதைச் சுற்றம் ஏற்கும் என்பதும் குரங்குக் கூட்டங்களில் காணக்கூடியவை. மறு பாதி ஊரிலிருந்து வந்தது. நம் காட்டுக் குரங்குகளிடையே ஆணும் பெண்ணும் ஆயுள் முழுக்க இணை பிரியாமல் வாழ்வதில்லை. ஆண்கள் கூட்டம் விட்டுக் கூட்டம் மாறுபவை. பெண்ணின் வாழ்வைத் தாங்கிநிற்பது தாயும் மகளும் தமக்கையும்தான். கணவனை இழந்தவளின் துயரே பெருந்துயர் என்று வகுத்துக்கொண்ட சமூகம் மந்திக்கும் அந்தத் துயரையே கொடுத்தது. ஒகவாங்கோவில் சாணத்தைச் சோதித்தவர்கள் கண்டதோ மகளை இழந்த தாயின் துயர். புலவர் உணர்வை மிகையாகச் சொல்லிவிட்டார் என்று நான் கருதவில்லை. உணர்வு உண்டு, அது எந்த உறவின்பால் பாய்கிறது என்பதில்தான் நம் வழக்கம் குறுக்கே வந்து நிற்கிறது.

வீட்டு நாயிடம் இந்தக் குறுக்கீடு இன்னும் அதிகம், ஏனென்றால் அது நம்மோடேயே வாழ்கிறது. தப்பு செய்த நாயின் முகத்தில் குற்றவுணர்வு தெரியும் என்று வளர்ப்பவர்கள் அடித்துச் சொல்வார்கள். அலெக்சாண்ட்ரா ஹாரோவிட்ஸ் 2009இல் வெளியிட்ட ஆய்வில், தின்னக்கூடாது என்று சொல்லிவைத்த தீனியை நாய் தின்றதா இல்லையா என்பதற்கும் அந்த முகத்துக்கும் தொடர்பே இல்லை என்று தெரிந்தது. வளர்ப்பவர் அதட்டினால் அந்த முகம் வந்தது, அவ்வளவுதான். தின்னாமலேயே திட்டு வாங்கிய நாய்களும் தலையைத் தாழ்த்தின. அதற்காக நாய்க்கு உள்ளே ஒன்றும் இல்லை என்று முடிவுகட்டிவிடக் கூடாது. இத்தாலியில் 426 பேரிடம், வீட்டில் இரண்டோ அதற்கு மேலோ இருந்த நாய்களில் ஒன்று இறந்தபின் மற்றது எப்படி இருந்தது என்று கேட்டறிந்த ஆய்வு 2022இல் வெளியானது. 86 விழுக்காட்டினர் மாற்றம் இருந்ததாகச் சொன்னார்கள்: விளையாட்டு குறைந்தது, உணவு குறைந்தது, தூக்கம் கூடியது, ஆளையே ஒட்டிக்கொண்டு திரிந்தது. இரண்டும் எத்தனை ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்தன என்பதைவிட, எவ்வளவு நெருக்கமாக வாழ்ந்தன என்பதே மாற்றத்தின் அளவைத் தீர்மானித்தது. வளர்ப்பவரின் சொந்தத் துக்கமும் அந்த விடைகளில் கலந்திருந்தது. ஆய்வாளர்களே அதைக் கணக்கிட்டுக் காட்டியிருக்கிறார்கள். நாய் தன் தோழனுக்காக வாடியதா, வாடிய மனிதரைப் பார்த்து வாடியதா என்று பிரித்தறிவது கடினம். இரண்டுமே நாய்க்கு நேர்ந்தவைதான் என்பது என் எண்ணம்.

யானைகளைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். கென்யாவின் சம்புருவில் 2003 அக்டோபரில் எலினார் என்ற தலைவி யானை சரிந்து விழுந்தபோது, வேறு குடும்பத்தைச் சேர்ந்த கிரேஸ் ஓடிவந்து தந்தத்தால் அதைத் தூக்கி நிறுத்தியதும், எலினார் மறுநாள் இறந்தபின் ஒரு வாரம்வரை உறவும் உறவல்லாததுமாகப் பல குடும்பங்கள் அந்த உடலிடம் வந்துபோனதும் பதிவாகியிருக்கின்றன. கழுத்துப் பட்டையில் இருந்த ஜிபிஎஸ் கருவிகள் அவற்றின் வரவையும் போக்கையும் காட்டின. அதே கென்யாவின் அம்போசெலியில் நடந்த சோதனையையும் இதோடு சேர்த்தே படிக்க வேண்டும். அங்கே யானைகள் எருமை, காண்டாமிருக மண்டையோடுகளைவிட யானை மண்டையோட்டையும், அதைவிடத் தந்தத்தையும் அதிக நேரம் தொட்டு முகர்ந்தன. ஆனால் தம் குடும்பத் தலைவியின் மண்டையோட்டை மற்றத் தலைவிகளுடையதிலிருந்து பிரித்து நாடவில்லை. சொந்த முன்னோரின் எலும்பைத் தேடிப் போய்க் கும்பிடும் யானை என்ற படம் அழகானது, ஆனால் அந்தச் சோதனை அதை ஆதரிக்கவில்லை. வடக்கு வங்காளத் தேயிலைத் தோட்டங்களின் வடிகால் குழிகளில் கால்கள் மேல்நோக்கியபடி மண்மூடிக் கிடந்த ஐந்து கன்றுகளைப் பற்றி 2024இல் வந்த கட்டுரையையும் நான் இந்த எச்சரிக்கையோடுதான் படித்தேன். அடக்கம் செய்தன என்றது கட்டுரை. குழியில் விழுந்த கன்றை மீட்கப் போராடிய கூட்டமும் ஏறக்குறைய அதே தடயத்தை விட்டுச்செல்லக் கூடும். எப்படியிருந்தாலும் கூட்டம் அந்தக் கன்றை விட்டுவிட்டு நடந்துபோய்விடவில்லை என்பது மட்டும் உறுதி.

தொலைதூரக் காடுகளைப் பற்றி இவ்வளவு சொன்ன பிறகு, என் கண்ணெதிரே நடந்ததைச் சொல்லாமல் விட முடியாது. காங்கயத்துக்குப் பக்கத்தில் என் அமுச்சி (அம்மாவின் அம்மா) வீட்டுக் கட்டுத்தரையில் ஒரு செவலைப் பசு இருந்தது. ஒரு முறை அதன் கன்று கழிச்சல் கண்டு இறந்தது. நாட்டுமாடு கன்று முட்டி ஊட்டினால்தான் பால் சுரக்கும். கன்றின் முகம் மடியில் பட வேண்டும், அதன் மணம் மூக்கில் ஏற வேண்டும், அப்போதுதான் ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் சுரந்து மடியில் தேங்கிய பால் காம்புக்கு இறங்கும். கன்று போனால் மடி கனத்தபடியே இருக்கும், பால் இறங்காது. அதனால் இறந்த கன்றின் தோலை உரித்து, உப்பும் சாம்பலும் தடவிக் காயவைத்து, வைக்கோல் திணித்துத் தைத்தார்கள். நான்கு குச்சிகள் கால்களாயின. இந்தத் தோல்கன்றைப் பசுவின் முன்னே நிறுத்தி, அதன் முதுகில் தவிட்டைத் தூவிவிட்டு, அப்புச்சி (அம்மாவின் அப்பா) செம்போடு குத்தவைத்து உட்கார்ந்தார். பசு முதலில் மூக்கை நீட்டி, கழுத்திலிருந்து வால்வரை ஒருமுறை முகர்ந்தது. பிறகு கன்று உயிரோடிருந்தபோது எங்கே நக்கத் தொடங்குமோ அங்கேயே, காதுமடலின் பின்புறத்தில், நக்கத் தொடங்கியது. சிறிது நேரத்தில் செம்பில் பால் விழும் ஓசை கேட்டது.

ஏமாந்துவிட்டது என்று நான் சொன்னேன். அமுச்சி, "தெரியாமலா இருக்கும் கண்ணு? தெரிஞ்சுதான் நக்குது" என்றார். அவர் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. கழனித்தண்ணீரை வைத்தால் தாழியில் முகத்தை விட்டு ஒரே மூச்சில் உறிஞ்சித் தீர்க்கும் அந்தப் பசு, கன்று போனபின் பாதியிலேயே தலையைத் தூக்கி, கன்று கட்டியிருந்த முளைக்குச்சியைப் பார்க்கும். மேய்ந்து திரும்பும்போது வாசற்படலைத் தாண்டியதும் தாழ்ந்த குரலில் ஒரு சத்தம் கொடுக்கும். கன்றை அழைக்கும் அந்தக் குரலை, தோல்கன்று வந்த பிறகும் அது நிறுத்தவில்லை. முன்னே நிற்பதுதான் தன் கன்று என்று நம்பியிருந்தால் படலருகே நின்று எதை அழைத்தது? அமுச்சி எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆனால் அந்தப் பசுவின் நேற்றும் அதற்கு முந்தைய நாளும் அவருக்குத் தெரியும்.

தோல்கன்று செய்தவர்களுக்கு விலங்கின் உணர்வு தெரியவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. தாய்க்கும் கன்றுக்கும் உள்ள கட்டு எதனால் ஆனது, அது எத்தனை நாள் தாங்கும், தோலில் மணம் குறையக் குறையப் பால் எப்படிக் குறையும் என்பதெல்லாம் அவர்களுக்குத் துல்லியமாகத் தெரியும். தெரிந்ததைக் கொண்டே பால் கறந்தார்கள். அப்புச்சியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை; கறக்காமல் விட்டால் மடி கட்டி வீங்கும், அதுவும் பசுவுக்கு வேதனை; வீட்டில் பால் குடிக்கும் பிள்ளைகளும் இருந்தார்கள். விலங்குக்கு உணர்வு உண்டு என்று மக்கள் ஒப்புக்கொண்டுவிட்டால் எல்லாம் மாறிவிடும் என்று எழுதுபவர்களிடம்தான் இதைச் சொல்ல விரும்புகிறேன்: நம் ஊரில் பலர் அதை எப்போதோ ஒப்புக்கொண்டுவிட்டார்கள். ஒப்புக்கொண்ட பின்னும் கறக்க வேண்டியிருக்கிறது.

இன்றைய பெரும் பால் பண்ணைகளில் தோல்கன்று தேவைப்படுவதில்லை. கன்று பிறந்த சில மணி நேரத்திலோ ஓரிரு நாட்களிலோ தாயிடமிருந்து பிரிக்கப்படுகிறது. கறவை இயந்திரத்துக்குப் பழகிய கலப்பின மாடுகள் கன்றில்லாமலே பால் தருகின்றன. இதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்றே கவனிக்கத்தக்கது: தாயும் கன்றும் சேர்ந்திருக்கும் நாட்கள் கூடக் கூட, பிரிக்கும்போது எழும் கதறலும் கூடுகிறது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இதை ஆராய்ந்தவர்கள் 2014இல் வேறொரு வழியிலும் கேட்டுப் பார்த்தார்கள். திரையில் ஒரு நிறம் தெரிந்தால் பால் கிடைக்கும், மற்றொரு நிறம் தெரிந்தால் கிடைக்காது என்று கன்றுகளைப் பழக்கிவிட்டு, இரண்டுக்கும் இடைப்பட்ட நிறங்களைக் காட்டினார்கள். தாயைப் பிரித்த பிறகு கன்றுகள் அந்த இடைநிறங்களைக் கண்டு முன்புபோல் ஆவலோடு திரையை நெருங்கவில்லை. கொம்புக் குருத்தைச் சூட்டுக்கோலால் தீய்த்த பிறகும் அதே தயக்கம்தான். பிரிவும் தீக்காயமும் ஒரே விதமாக அவற்றின் எதிர்பார்ப்பை மங்கவைத்தன. இங்கேயும் முன்பு எப்படி நடந்துகொண்டன என்ற அளவு கையில் இருந்ததால்தான் மாற்றம் தெரிந்தது. ஆயிரம் மாடுகள் எண் பட்டையோடு நிற்கும் கொட்டகையில், எந்த மாடு நேற்று எப்படித் தண்ணீர் குடித்தது என்பதை நினைவில் வைத்திருக்க அமுச்சி போல் ஒருவர் இல்லை.

கினியா நாட்டின் போசூவில் 1992இல் ஜிரே என்ற சிம்பன்சி, இறந்த தன் குட்டி ஜோக்ரோவை 27 நாட்களுக்குக் குறையாமல் சுமந்தது. 2003இல் மூச்சுநோய் பரவி அங்கே பல சிம்பன்சிகள் இறந்தபோது, அதே ஜிரே தன் இன்னொரு குட்டி ஜிமாட்டோவை 68 நாட்கள் சுமந்தது. உடல் காய்ந்து தோலாகிவிட்ட பின்னும் ஈ ஓட்டியது, உரோமத்தைக் கோதியது. குட்டி இறந்தது தாய்க்குப் புரியவில்லை என்றுதான் இதற்கு முதலில் விளக்கம் சொன்னார்கள். ஆனால் உயிருள்ள குட்டியை எந்தச் சிம்பன்சித் தாயும் ஒரு கையையோ காலையோ பிடித்துத் தொங்கவிட்டுத் தூக்கிப் போவதில்லை. இறந்த குட்டியை அப்படித் தூக்குவது பலமுறை காணப்பட்டிருக்கிறது. என்ன நடந்துவிட்டது என்பது ஓரளவாவது தெரிந்தும் கைவிட முடியவில்லை என்பதே பொருத்தமான விளக்கமாக எனக்குப் படுகிறது. செவலைப் பசுவைப் பற்றி அமுச்சி சொன்னதும் இதைத்தான்.

வடபசிபிக்கில், கனடாவும் அமெரிக்காவும் பகிர்ந்துகொள்ளும் சேலிஷ் கடலில் வாழும் ஓர்க்காத் திமிங்கிலங்களில் ஒவ்வொன்றும் 1970களிலிருந்து முதுகுத் துடுப்பின் வடிவத்தாலும் அதன் பின்னுள்ள வெண்திட்டாலும் தனித்தனியே அடையாளம் காணப்பட்டுப் பதிவாகியிருக்கிறது. அதனால்தான் 2018 ஜூலையில், பிறந்து அரைமணி நேரத்தில் இறந்த குட்டியை மூக்கில் தாங்கி 17 நாட்கள், ஏறக்குறைய 1,600 கிலோமீட்டர் நீந்திய தாய் எது என்று உலகத்துக்குச் சொல்ல முடிந்தது: ஜே35, டாலிக்குவா. குட்டி நழுவி மூழ்கும்போதெல்லாம் ஆழத்துக்குப் போய் அதை மீட்டுவந்தது. 2025 புத்தாண்டு நாளில், இறந்துபோன இன்னொரு குட்டியைச் சுமந்தபடி அதே டாலிக்குவா மறுபடியும் காணப்பட்டபோது, துக்கமா இல்லையா என்ற விவாதம் மீண்டும் தொடங்கியது.

அந்த விவாதத்தில் அதிகம் பேசப்படாத ஒன்று, ஒகவாங்கோவில் கையாண்ட அதே முறையால் தெரியவந்தது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாமுவேல் வாஸரின் குழு, மோப்ப நாயைப் படகின் முகப்பில் நிறுத்தி, இந்த ஓர்க்காக்களின் மிதக்கும் கழிவைத் தேடிச் சேகரித்து ஹார்மோன்களைச் சோதித்தது. 2008க்கும் 2014க்கும் இடையே கண்டறியப்பட்ட கருவுறுதல்களில் 69 விழுக்காடு வரை உயிருள்ள குட்டியில் முடியவில்லை என்றும், இவற்றின் முதன்மை இரையான சினூக் சால்மன் மீன் குறைந்ததே அதற்குப் பெருங்காரணம் என்றும் 2017இல் அவர்கள் எழுதினார்கள். அந்த மீன் ஏறிவர வேண்டிய ஆறுகளில் பல அணைகளால் தடுக்கப்பட்டவை. ஸ்நேக் ஆற்றின் கீழ்ப்பகுதியில் உள்ள நான்கு அணைகளை உடைப்பதா வேண்டாமா என்ற வழக்கும் பேச்சும் ஆண்டுக்கணக்காக நீள்கின்றன. டாலிக்குவா சுமந்த இரண்டு குட்டிகளை நாம் பார்த்தோம். கருவிலேயே போனவற்றைத் தாய்கள் சுமந்து காட்டவில்லை. அவை கழிவில் இருந்த ஹார்மோன் அளவுகளாக மட்டுமே பதிவாகியிருக்கின்றன.